வெள்ளை அங்கிகளுக்குக் கொஞ்சம் வெயில்

இரண்டு கம்பங்களுக்கு நடுவே கட்டிய கயிறுகளில் முப்பது வெள்ளை அங்கிகள் தொங்குகின்றன. கை இல்லாத, முழங்கால் வரை நீண்ட லினன் அங்கிகள். காற்று வந்தால் எல்லாம் ஒன்றாக வயிறு உப்புகின்றன. காற்று போனதும் ஒன்றாக மூச்சு விடுகின்றன. ஒவ்வொன்றின் கழுத்துக்குக் கீழேயும் காசளவில் ஒரு மஞ்சள் கறை.

கயிற்றுக்குக் கீழே மடக்குக் கதிரையில் நான். மடியில் கையை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்க்கிறேன். கோடைதான். ஆனால் லண்டன் கோடை. வானம் முழுக்க ஒரே சாம்பல் நிறம், கீறல்கூட இல்லை.

என்னைச் சுற்றிப் புகை. இரும்புச் சட்டை போட்ட ஆண்கள் குந்தியிருந்து பன்றி இறைச்சி பொரிக்கிறார்கள். இடுப்பில் வாள் கட்டிய ஒருவர் ஐஸ்கிரீம் வண்டிக்கு முன்னால் வரிசையில் நிற்கிறார். வரிசை நகர்ந்தால் அவரும் நகர்கிறார், கிணுங் கிணுங் என்று.

எத்தனையோ வருடத்துக்குப் பிறகும் கண்ணை மூடினால் இந்தக் காட்சி வருகிறது. "அம்மா, உது நீங்கள் கனவு கண்டது" என்று என் மகள் சொல்வாள். கனவில்லை. லூயிஷாமிலிருந்து மேலே ஏறிப் போனால் வரும் பெரிய புல்வெளியில், பட்டப்பகலில் நடந்தது. அந்தக் கறைகளை வைத்ததும் நான்தான்.

பிஸ்கட்டுக்குப் பிறகு

சென்ற கிழமை இந்தப் பத்தியை, பிஸ்கட் பாக்டரி வேலையை நான் விட்டதோடு நிறுத்தியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, "அடுத்ததாக இரும்புச் சட்டை விற்றேன் என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விட்டீர்களே, அது என்ன புதுக்கதை?" என்று கேட்டிருந்தார். கதை இல்லை, தங்கச்சி, அது ஒரு தொழில். எண்பதுகளின் கடைசியில் கிழக்கு லண்டனில் அதை வைத்துச் சாப்பிட்டவர்கள் இருந்தார்கள்.

இங்கிலாந்தில் ஒரு வகை மனிதர்கள் உண்டு. கிழமை நாட்களில் வங்கியிலும் பள்ளிக்கூடத்திலும் ஒழுங்காக வேலை செய்வார்கள். சனிக்கிழமை விடிந்தால் ஐந்நூறு அறுநூறு வருடம் பின்னால் போய்விடுவார்கள். கவசம் பூட்டி, அணிவகுத்து, என்றோ நடந்து முடிந்த சண்டைகளைப் புல்வெளியில் மறுபடி நடித்துக் காட்டுவார்கள். பார்க்கக் கூட்டம் வரும். விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். பொத்தான்கூட அந்தக் காலத்துப் பொத்தானாக இருக்க வேண்டும். மணிக்கூடு கட்டிக்கொண்டு போனால் களத்துக்குள் விடமாட்டார்கள். மெஷின் தையலைக் கண்டால் சாப்பாட்டில் மயிர் கண்டதுபோல முகத்தைச் சுளிப்பார்கள்.

இவர்களுக்கு உடுப்பும் கவசமும் இடுப்புப் பட்டியும் தோல் பையும் செய்து விற்றவள் மார்கரெட். பிளேஸ்டோவில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில், ரயில் பாலத்தின் வளைவு ஒன்றுக்குக் கீழே அவளுடைய பட்டறை. மேலே ரயில் போகும்போதெல்லாம் கீழே தொங்கும் தலைக்கவசங்கள் தமக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொள்ளும். அவளுடைய கணவர் கொலின் ஒரு மரக்குற்றியில் தகட்டை வைத்து நாள் முழுக்க அடிப்பார். காது மந்தம். அதனாலோ என்னவோ அவருக்கும் மார்கரெட்டுக்கும் சண்டை வந்து நான் பார்த்ததில்லை.

உள்ளே நுழைந்தால் முதலில் மூக்கில் ஏறுவது வினாகிரியின் புளித்த மணம். இரும்பு வளையங்களைக் கோத்துச் செய்த சட்டைகள் துருப்பிடித்தால், மணலும் வினாகிரியும் ஊற்றிய பீப்பாயில் போட்டு உருட்டிச் சுத்தம் செய்வார்கள். வினாகிரி, எண்ணெய், தோல், ஈர லினன். இப்போதும் எங்காவது இந்த நாலு மணமும் ஒன்றாக வந்தால் நான் நின்றுவிடுவேன்.

கையால் தைக்க ஆள் தேவை என்று கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. போய் நின்றேன். மார்கரெட் ஒரு துண்டுத் துணியும் மெழுகு பூசிய நூலும் தந்து ஓரம் மடித்துத் தைக்கச் சொன்னாள். தைத்துக் கொடுத்தேன். திருப்பிப் பார்த்தாள், மறுபடி திருப்பிப் பார்த்தாள், தேநீர் போடட்டுமா என்று கேட்டாள். அவ்வளவுதான் நேர்முகத் தேர்வு.

டிவிக்கு மேலே தலைக்கவசம்

என் கணவர் பாலனுக்கு ஹவுன்ஸ்லோப் பக்கம், விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் இடத்தில் ஷிப்ட் வேலை. வீட்டில் இருக்கும் நாட்களில் அவருக்குக் கை சும்மா இருக்காது. பட்டறையிலிருந்து ஒரு சாக்கு இரும்பு வளையமும் இரண்டு குறடும் கொண்டுவந்து கொடுத்தேன். ஒரு வளையத்துக்குள் நாலு வளையத்தைக் கோத்து வாயை நெரித்து மூட வேண்டும். பிறகு அடுத்தது. பிறகு அதற்கடுத்தது. ஒரு சட்டை முடிய மாதக்கணக்காகும்.

மனிதர் அதில் சொக்கிப் போனார். டிவியில் செய்தி ஓடும், குறடு கிளிக் கிளிக் என்று சத்தம் போடும், மடியில் இரும்பு வளர்ந்துகொண்டே போகும். பேசினால் பதில் வராது. வந்தாலும் ஒரு ரயில் போகிற நேரம் கழித்துத்தான் வரும்.

மேல் மாடியில் குடியிருந்த மங்கை அக்கா ஒருநாள் கருவேப்பிலை கேட்டு வந்தார். டிவிக்கு மேலே, உள்மெத்தை தைப்பதற்காக நான் கொண்டுவந்து வைத்த தலைக்கவசம். கதிரையில் இவர், மடி நிறைய இரும்பு. அக்கா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன பாலன், உது ஆருக்கு?"

"வெள்ளையளுக்கு அக்கா. சண்டைக்குப் போடுறது."

"எந்தச் சண்டை? நியூசிலை ஒண்டும் சொல்லேல்லையே."

"அது முடிஞ்சு ஐஞ்ஞூறு வரியம்."

"முடிஞ்ச சண்டைக்கு இப்ப ஏன் சட்டை?"

இவர் கையில் குறடு நிற்கவில்லை. "முடிஞ்சபடியாத்தானே அக்கா விளையாடுகினம்," என்றார்.

அக்கா கருவேப்பிலையை வாங்காமலே போய்விட்டார். அடுத்த கிழமை கோயிலில் இரண்டு பேர் என்னைப் பிடித்து, பாலனுக்குச் சுகமில்லையாமே என்று விசாரித்தார்கள்.

இவர் சொன்னது எனக்குள் கிடந்து ஊறியது. யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்ச் சண்டை அப்போது முடிகிற சாயலே இல்லை. தொலைபேசி ஒலித்தால் யார் எடுப்பது என்று ஒருவரை ஒருவர் பார்க்கும் காலம். பகலில் நான் பட்டறையில் யாரோ ஒரு பிரபுவின் படைக்குத் தைப்பேன். பின்னேரம் வீட்டில் எங்கள் சண்டைச் செய்தி. நடுவில் ரயில் பாலம். பாதி நேரம் எந்த நூற்றாண்டில் எந்த நாட்டில் நடக்கிறேன் என்றே தெரியாமல் தெருவைக் கடந்திருக்கிறேன். ஒருநாள் பஸ் கண்டக்டரிடம் சில்லறைக்குப் பதில் பித்தளைப் பொத்தான்களை நீட்டினேன். அவர் எண்ணிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

என்னுடைய முப்பது

பட்டறையில் வெட்டுவது மார்கரெட் மட்டும்தான். நாங்கள் தைப்போம், ஓரம் மடிப்போம், பட்டி வைப்போம். கத்தரிக்கோல் அவளுடையது. தையல் தெரிந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் விளங்கும். வெட்டுகிறவளின் உடுப்புத்தான் அது. மற்றவர்கள் கூலி.

ஒரு வசந்தத்தில் கென் வந்தார். கிழமை நாட்களில் தபால்காரர். சனி ஞாயிறில் முப்பது பேர் கொண்ட படைக்குத் தலைவர். தாடி நெஞ்சு வரைக்கும் இருக்கும். இரும்புச் சட்டைக்கு மேலே போட வெள்ளை லினன் மேலங்கி முப்பது வேண்டும், கோடையில் லூயிஷாமுக்கு மேலே புல்வெளியில் நடக்கும் சண்டைக்கு, என்றார். எதிர்ப்படை சிவப்பு, நாங்கள் வெள்ளை, தூரத்தில் நிற்கிற குழந்தைக்கும் யார் யார் என்று தெரிய வேண்டும் என்றார்.

அவர் போனதும் மார்கரெட் கத்தரிக்கோலை என் பக்கம் தள்ளினாள்.

"இது உன்னுடைய ஓடர், வாணி. வெட்டுவது, தைப்பது, கொடுப்பது எல்லாம் நீ. சரியாக வந்தால், இவர்களெல்லாம் வாங்க வரும் குளிர்காலச் சந்தையில் என் மேசைக்குப் பக்கத்தில் உனக்கு ஒரு மேசை. ஆனால் இவ்வளவு லினனும் திரும்பி வந்தால் இந்தப் பட்டறை தாங்காது. பிறகு உன்னை வெட்ட விட என்னால் முடியாது. தையலுக்கும் ஆள் வைத்திருக்க முடியுமோ தெரியாது."

எனக்கு அந்த மேசை வேண்டும் என்று இருந்தது. பசித்தவனுக்குச் சோறு வேண்டும் என்று இருப்பதுபோல. லண்டனுக்கு வந்த நாள் முதல் நான் யாரோ ஒருவருடைய மனைவி, யாரோ ஒருவருடைய ஷிப்டில் ஒரு சோடிக் கை. அந்த மேசைக்குப் பின்னால் நான் வாணியாக நிற்பேன். மேசை இல்லை என்றால் மறுபடி பிஸ்கட்.

இரண்டு மாதம் வேறு நினைவே இல்லை. நித்திரையிலும் வெள்ளைத் துணி. ரயில் சத்தத்துக்குள் ஊசி போவதும் வருவதும் கேட்கும்.

மஞ்சள்

கடைசி அங்கியும் முடிந்து, முப்பதையும் மடித்து அடுக்கிவிட்டேன். மறுநாள் கென் எடுக்க வருவார். அடுக்கைப் பார்த்தபடி நின்றேன். ஏதோ ஒன்று குறைந்தது.

புது உடுப்பு என்றால் உடுத்த முன் ஒரு மூலையில் மஞ்சள் தொட்டு வைப்போம். ஏன் என்று கேட்டு வளர்ந்தவர்கள் இல்லை நாங்கள். தீபாவளிச் சட்டை என்றாலும் பள்ளிக்கூடச் சட்டை என்றாலும் அது நடக்கும். அதுவரை பட்டறையில் தைத்த எதற்கும் எனக்கு அந்த எண்ணம் வந்ததில்லை. அவை மார்கரெட் வெட்டியவை. இவை என் கையிலிருந்து பிறந்தவை. அதுவும் சண்டைக்குப் போகிறவை.

இந்த இடத்தில் என் தம்பி ரவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் லண்டன் வந்த அடுத்த வருடம், ஒரு விடியப்புறம், புதுச் சட்டையோடு கொழும்பு பஸ்ஸைப் பிடிக்க வீட்டிலிருந்து இறங்கியவன். பஸ் போய்ச் சேர்ந்தது. அவன் சேரவில்லை. எங்கே இறக்கினார்கள், யார் இறக்கினார்கள் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. அம்மா தொலைபேசியில் வேறு எதையும் சொல்லி அழவில்லை. "புதுச் சேட்டடி. மஞ்சள் வைக்க நில்லடா எண்டு கூப்பிட்டன். பஸ் போயிடும் எண்டிட்டு ஓடினவன்," என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

மஞ்சள் வைத்திருந்தால் திரும்பி வந்திருப்பான் என்று நான் நம்புகிறவள் இல்லை. அந்த அளவுக்கு மடைச்சி இல்லை. ஆனால் முப்பது ஆண்கள் புது உடுப்பு போட்டுக்கொண்டு களத்துக்குப் போகப் போகிறார்கள். விளையாட்டுக் களம்தான். தெரியும். தெரிந்துகொண்டேதான் வீட்டுக்குப் போய் மஞ்சள் போத்தலை எடுத்து வந்தேன்.

கீழ் ஓரத்தில் வைத்தால் சேற்றில் இழுபடும். மஞ்சள் காலில் படக்கூடாது. அதனால் கழுத்தின் உட்பக்கத்தில், ஒவ்வொன்றுக்கும் ஒரு விரல் தொட்டு வைத்தேன். யாருக்கும் தெரியாது. மனசு ஆறியது. அன்றைக்கு நன்றாக நித்திரை கொண்டேன்.

கென்னின் சலவை

இந்த மனிதர்களுக்குப் புது உடுப்பு புதிதாகத் தெரியக்கூடாது என்பதை நான் மறந்துவிட்டேன். படைவீரனின் அங்கி பலமுறை தோய்த்துத் தளர்ந்து தொங்க வேண்டும். கென் முப்பதையும் மூட்டை கட்டிக்கொண்டு போய், சலவைக் கடையில் பெரிய மெஷின்களில் கொதிநீரும் சோப்புத் தூளும் போட்டு இரண்டு முறை சுழற்றியிருக்கிறார்.

வாசகிகளில் பாதிப் பேர் இப்போதே சிரிக்கத் தொடங்கியிருப்பீர்கள். மஞ்சளில் சோப்புப் பட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். ஆலாத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரோடு சுண்ணாம்பு சேர்ந்தால் எப்படிச் சிவக்குமோ அப்படி. லினன் மெல்லிய துணி வேறு. உள்ளே வைத்தது வெளியே வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் பட்டறையில் தொலைபேசி. மார்கரெட் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு ரிசீவரை என்னிடம் நீட்டினாள்.

"முப்பது பேருக்கும் தொண்டையில் அம்பு பாய்ந்தது போல இருக்கிறது," என்றார் கென். "சண்டை தொடங்க முதலே என்னுடைய ஆட்கள் செத்துப் போனார்கள்."

ஞாயிறு மத்தியானத்துக்கு மேல் சண்டை. அதற்குள் வெள்ளையானால் சரி. இல்லையென்றால் பழைய அங்கிகளோடு இறங்குவோம், புதியது முப்பதும் பட்டறைக்குத் திரும்பும் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தபால்காரர் தபால் இல்லை என்று சொல்கிற குரலில் சொன்னார்.

மார்கரெட் என்னைப் பார்த்தாள். "என்ன வைத்தாய்?"

"மஞ்சள்."

"கறிக்குப் போடுவதா? எதற்கு?"

"அதிர்ஷ்டத்துக்கு," என்றேன். வேறு ஆங்கிலச் சொல் எனக்கு வரவில்லை.

அவள் கண்ணை மூடித் திறந்தாள். "உன்னுடைய ஓடர், வாணி. நீயே பார்."

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். குறடு நின்றது.

"நீர் வெள்ளையளின்ரை உடுப்புக்கு மஞ்சள் வைச்சனீரோ?"

"வெள்ளையென்ன கறுப்பென்ன. புது உடுப்பு."

இவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மடியிலிருந்த இரும்பும் சேர்ந்து குலுங்கியது. "முப்பதுக்குமோ?"

"ஓம். முப்பதுக்கும்."

என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே வடிந்துபோனது. ஏன் வைத்தேன் என்று அவருக்கு விளங்கிவிட்டது. எழுந்து போய்த் தேநீர் ஊற்றி வந்து எனக்குப் பக்கத்தில் வைத்தார்.

சாம்பல் நிறச் சனிக்கிழமை

மஞ்சள் கறைக்கு இரண்டே மருந்து. சிவந்துபோனதை மஞ்சளாக்கப் புளிப்பு. மஞ்சளை இல்லாமலாக்க வெயில். எங்கள் ஊரில் தேசிக்காய்ப் புளி தேய்த்து வேலியில் போட்டுவிட்டால் பின்னேரத்துக்குள் கதை முடிந்துவிடும். புளிப்பு எங்களிடம் பீப்பாய்க் கணக்கில் இருந்தது. கொலின் ஒரு வாளி வினாகிரியும் கம்பங்களும் கயிறும் வண்டியில் ஏற்றித் தந்தார்.

சனிக்கிழமை காலை புல்வெளியில், கென் கொண்டுவந்திருந்த முப்பது அங்கிகளின் கழுத்தையும் வினாகிரியில் தேய்த்தேன். சிவப்பு மஞ்சளாக இறங்கியது. கென்னின் ஆட்கள் சுற்றி நின்று பார்த்துக் கைதட்டினார்கள், ஏதோ செப்படி வித்தை என்று. கென் மட்டும் தாடியைத் தடவினார்.

"மஞ்சளும் வெள்ளை இல்லையே."

"இனி வெயில் செய்யும்," என்றேன்.

எல்லோரும் ஒன்றாக வானத்தைப் பார்த்தோம். அப்புறம் மரியாதையாகக் கலைந்து போனார்கள்.

அப்படித்தான் நான் அந்தக் கதிரையில் அமர்ந்தது. பகல் எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று தெரியாத பகல். நிழலே இல்லை. தூரத்தில் மேளம் அடித்துப் பழகினார்கள். ஈரப் புல்லில் குதிரை மணம். கண் செருகியபோதெல்லாம் அங்கிகளுக்குள் ஆட்கள் நிற்பதுபோல இருந்தது, முகம் மட்டும் இல்லாமல். விழித்தால் வெறும் துணி.

கென் மரக் கோப்பையில் தேநீரோடு வந்து புல்லில் அமர்ந்தார். கோப்பை ஐந்நூறு வருடத்துக்கு முந்தியது. உள்ளே தேநீர்ப் பையின் நூல் தொங்கியது.

"அதிர்ஷ்டத்துக்கு என்று மார்கரெட் சொன்னாள்," என்றார்.

"இல்லை. அதிர்ஷ்டத்துக்கு இல்லை," என்றேன்.

சொன்னேன். எனக்கு இருந்த ஆங்கிலத்தில், காலம் இடம் எல்லாம் முன்பின்னாகச் சொன்னேன். புதுச் சேட்டு, பஸ், அம்மா கூப்பிட்டது. லண்டனில் அதுவரை வெளியார் யாரிடமும் சொன்னதில்லை. எங்கள் ஆட்களிடமும்தான். எல்லோர் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தது, யார் யாருக்குச் சொல்வது?

அவர் கோப்பையைப் புல்லில் வைத்துவிட்டார். முடிந்த பிறகு, "பெயர் என்ன?" என்றார்.

"ரவி."

தலையை ஆட்டினார். தேநீரைக் குடித்து முடித்தார். எழுந்து, கயிற்றில் ஒரு அங்கியின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"நாளைக்கு வானம் திறக்கும் என்கிறார்கள்," என்றார். கொஞ்சம் தயங்கி, "ஆனால் எனக்கு வெள்ளைதான் வேண்டும், வாணி. மன்னித்துக்கொள்," என்றார்.

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அவரும் முப்பது பேருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்.

வெயில்

ஞாயிற்றுக்கிழமை என் கணவரும் வந்தார். இரவு ஷிப்ட் முடித்து, விமான நிலையத்துச் சீருடைக் கோட்டோடு, ரயில் மாறி மாறி. அங்கிகளைத் திரும்பக் கயிற்றில் போட்டோம். காலை முழுக்கச் சாம்பல்தான். மார்கரெட் தூரத்தில் நின்று சிகரெட் பற்றவைத்தாள், அணைத்தாள், மறுபடி பற்றவைத்தாள்.

பிறகு யாரோ கூரையை நகர்த்தியதுபோல வெயில் வந்தது. சும்மா வெயில் இல்லை, யாழ்ப்பாணத்து வெயில். கவசங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பளீர் என்றன. ஐஸ்கிரீம் வரிசை இரட்டிப்பாகியது. நான் ஒவ்வொரு அங்கியாகக் கழுத்தை வெயிலுக்குத் திருப்பி வைத்தேன்.

மஞ்சள் போவதைக் கண்ணால் பார்க்க முடியாது. பார்த்துக்கொண்டே இருந்தால் அப்படியே இருக்கும். அடுத்ததைத் திருப்பிவிட்டு வந்து பார்த்தால் கொஞ்சம் இளைத்திருக்கும். காசளவு, பிறகு நிழலளவு, பிறகு அங்கே ஏதோ இருந்தது என்ற ஞாபகமளவு. போ, போ என்று வேண்டிக்கொண்டவள் நான்தான். ஒவ்வொன்றாகப் போனபோது நெஞ்சுக்குள் எதையோ வழித்தெடுத்ததுபோல இருந்ததும் எனக்குத்தான்.

கென் வந்தார். கயிற்றோடு நடந்து ஒவ்வொரு கழுத்தாகப் பார்த்தார். கடைசி அங்கியில் நின்றார்.

"சுத்த வெள்ளை," என்றார். "முப்பதும் எடுத்துக்கொள்கிறேன்."

மார்கரெட் பின்னாலிருந்து வந்து என் தோளை இறுகப் பிடித்தாள். "மேசை உன்னுடையது," என்றாள். அவளுடைய கண் கலங்கியிருந்தது. நான் சிரித்தேன், நன்றி சொன்னேன். எனக்குச் சந்தோசம் வந்திருக்க வேண்டும். வரும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர்கள் அங்கிகளைத் தலைவழி மாட்டினார்கள். பட்டி கட்டினார்கள். முப்பது வெள்ளை முதுகுகள் சரிவில் இறங்கிப் போயின. புது உடுப்பு. மஞ்சள் இல்லை. இவரும் அதையேதான் பார்த்துக்கொண்டு நின்றார் என்பது அவர் மூச்சு விட்டதிலிருந்து எனக்குத் தெரிந்தது.

களம்

சண்டை என்றால் பெரிய சத்தம் என்று நினைத்திருந்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் அது பாத்திரம் கழுவுகிற சத்தம்தான். சிவப்பும் வெள்ளையும் ஓடி வந்து கலந்தன. பிள்ளைகள் கத்தினார்கள். ஒலிபெருக்கியில் ஒருவர் யார் ராஜா, யார் துரோகி என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

கென் முதலிலேயே விழுந்தார். அது திட்டம்தான், அன்றைக்கு வெள்ளைப் படை தோற்க வேண்டும். அவரைச் சுற்றி ஒவ்வொருவராக விழுந்தார்கள். என் கை தைத்த தோள்கள், என் கை மடித்த ஓரங்கள் புல்லில் விரிந்து கிடந்தன. கடைசி வெள்ளையும் விழுந்ததும் சிவப்புப் படை நின்றுவிட்டது. மேளம் நின்றது. அவ்வளவு பெரிய புல்வெளியில் சத்தமே இல்லை. எங்கோ ஒரு கைக்குழந்தை மட்டும் சிணுங்கியது.

நான் முப்பது பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தேன். யாரும் அசையவில்லை. விளையாட்டு என்று தெரியும். தெரிந்தும் மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். இவருடைய கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது ஒலிபெருக்கிக்காரர், விளம்பரம் வாசிப்பதுபோல, சாதாரணமாகச் சொன்னார்.

"இறந்தவர்கள் இனி எழுந்திருக்கலாம்."

எழுந்தார்கள். எல்லோரும் எழுந்தார்கள். முழங்காலில் ஊன்றி, ஒருவருக்கு ஒருவர் கை கொடுத்து, புல்லைத் தட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டு எழுந்தார்கள். சிவப்பு வெள்ளையைத் தூக்கிவிட்டது. கென் தலைக்கவசத்தைக் கழற்றித் தாடியை உதறினார். கூட்டம் முழுக்கக் கைதட்டியது.

என்னால் கைதட்ட முடியவில்லை. இத்தனை வருடம் வராத அழுகை அன்றைக்கு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். பக்கத்தில் நின்ற ஒரு பெண், சண்டைக் காட்சி மனதைத் தொட்டுவிட்டதாக்கும் என்று நினைத்துக் கைக்குட்டை நீட்டினாள்.

"இஞ்சருங்கோ," என்றேன் இவரிடம்.

"என்ன?"

"அந்த மைக் பிடிக்கிறவரிட்டைப் போய் இன்னொருக்காச் சொல்லச் சொல்லுங்கோ. கொஞ்சம் பலமாச் சொல்லச் சொல்லுங்கோ."

இவர் என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். களத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அது இஞ்ச விழுந்த ஆக்களுக்குத்தான் கேக்கும், வாணி," என்றார்.